ஜெல்லில் ஒரே பேண்ட், உள்ளே எத்தனை ஜீன்? ஏற்காட்டு அராபிகாவில் குளோனிங் ப்ரைமர் சரிபார்த்த அனுபவம்

ப்ரைமர் (ஜீனின் இரு முனையிலும் ஒட்டிப் பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போட்டு பிசிஆரில் பெருக்கிய டிஎன்ஏ, ஒரு சதவீத அகரோஸ் ஜெல்லில். 1.1 கிலோபேஸ் பக்கம் பளிச்சென்று ஒரே ஒரு பேண்ட். நெகட்டிவ் கண்ட்ரோல் சுத்தம். "மேடம், சிங்கிள் பேண்ட்தான் மேடம், இன்னிக்கே லைகேஷன் போட்டுரலாமா?" என்று கேட்காத மாணவர் இல்லை. போடலாம்தான், அதாவது அந்தத் துண்டை வெக்டர் என்ற சுமக்கும் டிஎன்ஏவில் ஒட்டலாம்தான். ஆனால் அந்த ஒரு பேண்டுக்குள் எத்தனை ஜீன் ஒளிந்திருக்கிறது என்று ஜெல் சொல்லாது. அளவு ஒன்று என்று மட்டும்தான் சொல்லும்.

காப்பியில் இது நன்றாகவே உறைக்கும். காஃபீன் உண்டாக்கும் என்சைம்கள் ஒரே குடும்பம்: எக்ஸ்எம்டி, எம்எக்ஸ்எம்டி, டிஎக்ஸ்எம்டி. சாந்தோசினில் தொடங்கி தியோபுரோமின் வழியாகக் காஃபீன் வரை மெத்தில் தொகுதியை ஒவ்வொன்றாக ஏற்றுகிற வேலை இவற்றுடையது. புரத நீளம் 372 முதல் 384 அமினோ அமிலம். ஸ்டாப் கோடானையும் சேர்த்து டிஎன்ஏவில் எழுதினால் 1119 முதல் 1155 பேஸ் ஜோடி. நடுவில் 36 எழுத்துதான் வித்தியாசம். ஒரு சதவீத ஜெல்லில் இதைப் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. வரிசையும் ஒன்றுக்கொன்று 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும். போதாக்குறைக்கு அராபிகாவே இரட்டைக் குடும்பத்துப் பிள்ளை. ரோபஸ்டா ஒரு பக்கம், யூஜினியாய்டிஸ் ஒரு பக்கம். இரண்டின் குரோமோசோமும் சேர்ந்து 44. ஆக ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு துணை ஜீனோமிலும் ஒவ்வொரு பிரதி. ஹோமியோலாக் என்று சொல்லப்படும் இந்தப் பிரதிகள் கோடிங் பகுதியில் வெகு சில எழுத்துகளில்தான் வேறுபடும். ப்ரைமர் உட்காரும் 22 பேஸில் வித்தியாசமே இல்லாமல் போவதுதான் வழக்கம்.

சேலத்தில் இருந்துகொண்டு காப்பி ஜீனைக் குளோன் செய்ய நினைப்பவருக்கு மெட்டீரியல் பஞ்சம் இல்லை. அஸ்தம்பட்டி வழியாகக் கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடித்தால் சில்வர் ஓக் நிழலில் வரிசை வரிசையாக அராபிகா. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் ஊன்றவைத்த பயிர். சிக்கல் வேறு இடத்தில். தோட்டத்தில் நிற்கும் செடி எது? எஸ்.795 என்றால் அதன் பரம்பரையில் லைபெரிகா கலப்பு உண்டு. காவேரி என்றால் அது கேட்டிமோர். டிமோர் கலப்பினம் வழியாக ரோபஸ்டாத் துண்டுகள் உள்ளே வந்திருக்கும். டேட்டாபேஸில் இருக்கும் அராபிகா ஜீனோமோ வேறு ரகத்துடையது. திரையில் கச்சிதமாகப் பொருந்தும் ப்ரைமர், கையில் இருக்கும் மரத்தில் ஓரெழுத்து தவறிப் போகலாம். அந்தத் தவறு 3 பிரைம் முனையில் (ப்ரைமர் நீளத் தொடங்கும் கடைசி முனை) விழுந்தால் வேண்டிய ஜீன் பெருகாது. பக்கத்து வீட்டு ஜீன் பெருகி, அதே அளவில் பேண்ட் காட்டும். அதனால் இலை பறிக்கும்போதே ரகத்தின் பெயரையும் மரத்துக்கு ஒரு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். "ஏற்காடு காப்பி" என்று மட்டும் எழுதிய டியூபால் பிற்பாடு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பொதுவாக ப்ரைமர் வடிவமைப்பு பற்றிய அறிவுரை எல்லாம் கியூபிசிஆர் (ஜீனின் அளவை அளக்கும் பிசிஆர்) ஆட்களுக்காக எழுதியது. ப்ரைமர் சரியில்லையா, ஐம்பது பேஸ் தள்ளி வேறு இடம் பார் என்று சொல்லிவிடுவார்கள். குளோனிங்கில் அந்தச் சுதந்திரம் கிடையாது. முழுப் புரதம் வேண்டுமென்றால் ஃபார்வர்டு ப்ரைமர் தொடக்கக் கோடானான ஏடிஜியில் தொடங்கியே ஆக வேண்டும், ரிவர்ஸ் கடைசிக் கோடானில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த இரண்டு இடமும்தான் இந்தக் குடும்பத்தில் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்கும் என்றால், அந்த ப்ரைமரிடமிருந்து தனித்தன்மையை எதிர்பார்க்கவே கூடாது. அதை வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த இடம் யூடிஆர், அதாவது ஏடிஜிக்கு முன்னும் ஸ்டாப்புக்குப் பின்னும் உள்ள, புரதமாக மாறாத பகுதி. அதற்கு முன், சரிபார்க்கும் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பாதிப் பேர் சறுக்குவது அங்கேதான்.

ப்ரைமர் எங்கெல்லாம் ஒட்டும் என்று தேடித் தரும் கருவி, அமெரிக்க ஜீன் தகவல் தளமான என்சிபிஐயின் ப்ரைமர்-பிளாஸ்ட். அதன் பக்கத்தைத் திறந்ததும் உயிரினக் கட்டத்தில் ஹோமோ சேபியன்ஸ் என்று இருக்கும். மாற்றாமல் ஓட்டினால் காப்பி ப்ரைமருக்கு மனித ஜீனோமில் ஒன்றும் சிக்காது. முடிவு சுத்தமாக வரும். பார்த்தவர் சந்தோஷமாக ஆர்டர் போட்டுவிடுவார். சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடக்கிற காரியம். கட்டத்தில் காஃபியா அராபிகா, டாக்ஸ் ஐடி 13443 போடுங்கள். டேட்டாபேஸை ஒரு முறை ரெஃப்செக் எம்ஆர்என்ஏ, ஒரு முறை ஜீனோம் என்று இரண்டு தடவை ஓட்டுங்கள். சிடிஎன்ஏதானே (ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏ) டெம்ப்ளேட் (நகலெடுக்கும் மூலம்), ஜீனோம் எதற்கு என்று கேட்கலாம். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் போட்ட பிறகும் ஜீனோமிக் டிஎன்ஏ கொஞ்சம் தங்கும். இன்ட்ரான் இல்லாத போலி ஜீன் ஒன்று இருந்தால் அதுவும் அதே அளவில் பெருகும். ஆர்என்ஏவைப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு டியூபையும் கூடவே ஓட்டினால் இந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

டெம்ப்ளேட் கட்டத்தில் வரிசையை ஒட்டுவதைவிட அக்சஷன் எண்ணைக் கொடுப்பது மேல். எது உங்கள் இலக்கு, எது அந்நியன் என்று கருவிக்குத் தெளிவாகத் தெரியும். மிஸ்மேட்ச் (பொருந்தாத எழுத்து) விதி இயல்பாக இப்படி இருக்கும்: வேண்டாத இடத்தில் மொத்தம் குறைந்தது இரண்டு மிஸ்மேட்ச், 3 பிரைம் பக்கம் கடைசி ஐந்து பேஸுக்குள்ளும் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஹோமியோலாக் விஷயத்தில் இந்த விதியைத் தளர்த்த வேண்டாம். ஒரே ஒரு மிஸ்மேட்ச் இருக்கிற இடம் பெருகும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவுப் பட்டியலில் குரோமோசோம் பெயரையும் கவனியுங்கள். 1சி, 1இ என்று வரும் எழுத்துதான் துணை ஜீனோம்: சி என்றால் கேனிஃபோரா (ரோபஸ்டா) பக்கம், இ என்றால் யூஜினியாய்டிஸ் பக்கம். ஒரே எண்ணில் சியும் இயும் ஜோடியாக வந்தால் அது பெரும்பாலும் ஹோமியோலாக். எண்ணே வேறாக வந்தால் குடும்பத்தின் இன்னொரு ஆள்.

குளோனிங் ப்ரைமருக்கு வால் உண்டு: வெக்டரில் ஒட்டுவதற்காக முன்னால் சேர்க்கும் என்சைம் வெட்டும் இடம் (சைட்), அதற்கு முன் சில பாதுகாப்பு பேஸ். வாலோடு சேர்த்து 31 எழுத்தையும் கட்டத்தில் போட்டால், வால் எங்கேயும் பொருந்தாததால் எல்லா இடமும் மிஸ்மேட்ச் கணக்கில் தள்ளுபடியாகி "ஒன்றும் இல்லை" என்று வரும். ஒட்டும் பகுதியை மட்டும் போட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. என்டிஇ ஒன் என்ற வெட்டும் என்சைமின் சைட் என்றால் சி-ஏ-டி-ஏ-டி-ஜி. அதன் பின்பாதியே உங்கள் தொடக்கக் கோடான். ஆறு பாதுகாப்பு பேஸ், பிறகு சி-ஏ-டி, பிறகு ஏ-டி-ஜியில் தொடங்கும் 22 பேஸ் ஒட்டும் பகுதி, கூட்டினால் 31. சைட் ஆறு எழுத்தையும் வால் என்று வெட்டி எறிந்தால் ஏடிஜியும் போய்விடும். ஏடிஜியைத் தனியாக இன்னொரு முறை எழுதினாலோ புரதத்தின் தலையில் இரண்டு மெத்தியோனைன் உட்காரும். ரிவர்ஸ் பக்கம் எக்ஸ்ஹோ ஒன் என்றால் இந்தக் குழப்பம் இல்லை: ஆறு பாதுகாப்பு, ஆறு சைட், 22 ஒட்டும் பகுதி, மொத்தம் 34. புரதத்தின் சி முனையில் (கடைசி முனை) ஹிஸ் டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்க உதவும் ஒட்டு) வேண்டுமென்றால் ஸ்டாப் கோடானை விட்டுவிட்டு ஃப்ரேமை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பாருங்கள். இன்செர்ட்டுக்குள்ளேயே (வெக்டரில் சேர்க்கும் ஜீன் துண்டு) இந்த இரண்டு சைட்டும் இருக்கிறதா என்று இரண்டு ஹோமியோலாக்கிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் இல்லாத வெட்டு இன்னொன்றில் இருந்தால், வெட்டிய பிறகு ஒன்று மட்டும் முழுசாகத் தேறி குளோன் ஆகும். அது உங்களுக்குத் தெரியாமலே நடக்கும் தேர்வு.

சாதாரண பிளாஸ்டில் ப்ரைமரைப் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. தவறில்லை, வாசிக்கத் தெரிந்தால். கணினியில் இறக்கி ஓட்டுகிறவர்கள் "பிளாஸ்ட்என்-ஷார்ட்" என்ற பணியைத் தேர்ந்தெடுத்து, வேர்டு சைஸ் 7, ஈ-வேல்யூ (தற்செயலாகப் பொருந்தக்கூடிய எண்ணிக்கை) 1000, டஸ்ட் வடிகட்டி நிறுத்தம் என்று வையுங்கள். இருபது எழுத்து வரிசைக்கு ஈ-வேல்யூவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். பார்க்க வேண்டிய நிரல் ஒன்றே: பொருத்தம் ப்ரைமரின் எந்த எழுத்தில் முடிகிறது? பிளாஸ்ட் ஓரங்களை வெட்டிவிடும் பழக்கம் உடையது. 22 பேஸ் ப்ரைமருக்கு "1 முதல் 19 வரை, 100 சதவீதம்" என்று வந்தால் கடைசி மூன்றில் ஏதோ பொருந்தவில்லை என்று அர்த்தம். டாக் பாலிமரேஸுக்கு (சாதாரண பிசிஆர் என்சைம்) அந்த இடம் பெரும்பாலும் ஓடாது. "6 முதல் 22 வரை, 100 சதவீதம்" என்பது பார்க்க மோசமாகத் தெரியாது, ஆனால் உண்மையில் அதுதான் ஆபத்து. 3 பிரைம் முனையில் 17 பேஸ் விடாமல் பொருந்துகிறது, தாராளமாக நீளும். எதிர்ப்புற ப்ரைமருக்கும் அதே குரோமோசோமில் நாலைந்து கிலோபேஸுக்குள், எதிர்த் திசையில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரே ப்ரைமர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பெருக்குவதும் உண்டு. ப்ரைமர்-பிளாஸ்ட் அதையும் பார்த்துச் சொல்லும். கையால் பார்க்கிறவர்கள் மறந்துவிடுவார்கள்.

இனி 3 பிரைம் முனை. இரண்டு ஹோமியோலாக்குக்கும் நடுவே ஓரெழுத்து வித்தியாசம் கிடைத்தால் அதை ப்ரைமரின் கடைசி எழுத்தாக வைத்துப் பிரிக்கலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும். டாக் பாலிமரேஸுக்கு அது சரி. குளோனிங்குக்கு நாம் எடுப்பதோ ஃப்யூஷன், க்யூ5 மாதிரியான பிழை திருத்தும் என்சைம். அதற்கு 3 பிரைமிலிருந்து பின்னோக்கிக் கடிக்கும் எக்ஸோநியூக்ளியேஸ் வேலை உண்டு. பொருந்தாத கடைசி எழுத்தைக் கடித்துத் துப்பிவிட்டு, டெம்ப்ளேட்டைப் பார்த்துச் சரியான எழுத்தைப் போட்டு நீட்டிக்கொண்டே போகும். நீங்கள் காசு கொடுத்து வைத்த மிஸ்மேட்ச் அத்தோடு காலி. பேண்ட் மட்டும் அருமையாக வரும். இதற்கு ஒரு வழி, கடைசி இணைப்பை ஃபாஸ்ஃபோரோதயோயேட் ஆக்கி ஆர்டர் செய்வது. கடிக்கும் என்சைமுக்கு அது லேசில் இறங்காது. இன்னொரு வழி, ஒரு எழுத்தை நம்பாமல் கடைசி ஐந்தாறு பேஸுக்குள் இரண்டு மூன்று வித்தியாசம் கிடைக்கிற இடத்தைத் தேடுவது. கோடிங் பகுதியில் அப்படி இடம் கிடைப்பது அரிது, யூடிஆரில் கிடைக்கும்.

ஆகவே இரண்டு கட்டமாகச் செய்வதுதான் என் கட்சி. ஏடிஜிக்கு முன்னே உள்ள யூடிஆரில் ஒரு வெளி ப்ரைமர், ஸ்டாப்புக்குப் பின்னே உள்ள யூடிஆரில் இன்னொன்று. வால் எதுவும் கிடையாது. தனித்தன்மை முழுக்க இவற்றின் பொறுப்பு. குடும்பத்து ஜீன்கள், இரண்டு துணை ஜீனோமின் பிரதிகள் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி அலைன்மென்ட் போட்டு, வேறுபடும் இடத்தில் 3 பிரைம் முனை விழும்படி வையுங்கள். முதல் பிசிஆர் 25 மைக்ரோலிட்டர்: சிடிஎன்ஏ 1 மைக்ரோலிட்டர், ப்ரைமர் ஒவ்வொன்றும் 0.5 மைக்ரோமோலார், டிஎன்டிபி ஒவ்வொன்றும் 200 மைக்ரோமோலார், என்சைம் அரை யூனிட். 98 டிகிரியில் 30 விநாடி, பிறகு 98ல் 10 விநாடி, ஒட்டும் வெப்பத்தில் 20 விநாடி, 72ல் ஒரு நிமிடம். 20 சுற்று போதும். பேண்ட் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கவலை இல்லை.

இந்தப் பொருளை நூறு மடங்கு நீர்த்து அதில் 1 மைக்ரோலிட்டரை இரண்டாவது 25 மைக்ரோலிட்டருக்கு எடுங்கள். கணக்கைப் பார்த்தால் நிம்மதி வரும்: பழைய வெளி ப்ரைமர் செலவாகாமல் முழுசாக மிஞ்சியிருந்தால்கூட, நூறில் ஒன்று 5 நானோமோலார், அதில் 25ல் ஒன்று 0.2 நானோமோலார். புதிய ப்ரைமர் 500. பழையது தலையிட வாய்ப்பில்லை. உள் ப்ரைமர்கள் வாலோடு இருப்பதால் முதல் 5 சுற்று ஒட்டும் பகுதியின் டிஎம்மை (ப்ரைமர் பாதி விடுபடும் வெப்பம்) வைத்து, அடுத்த 15 சுற்று முழு ப்ரைமரின் டிஎம்மை வைத்து ஓட்டுங்கள். அது 72ஐத் தாண்டினால் ஒட்டுவதையும் நீட்டுவதையும் 72லேயே சேர்த்துவிடலாம்.

டிஎம் என்று சொல்லும்போது எந்தக் கால்குலேட்டர் என்றும் சொல்ல வேண்டும். ப்ரைமர்-பிளாஸ்ட் 50 மில்லிமோலார் உப்பு, 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் என்று வைத்துக் கணக்கிடும். ஃப்யூஷன், க்யூ5 பஃபர்களுக்கு அவரவர் கால்குலேட்டர் தனி. அதே ப்ரைமருக்கு ஐந்தாறு டிகிரி கூடுதலாகக் காட்டுவது சகஜம். டாக்கின் பழக்கத்தில் டிஎம்மிலிருந்து 5 கழித்து இந்த என்சைம்களை ஓட்டினால் குடும்பம் மொத்தமும் வந்து குந்திக்கொள்ளும். இவற்றுக்கு, குறைந்த டிஎம் உள்ள ப்ரைமரை எடுத்து அதோடு 3 கூட்டுவதே முறை. சந்தேகமாக இருந்தால் 58 முதல் 70 வரை எட்டு டியூப் கிரேடியன்ட் ஒன்று ஓட்டி, பேண்ட் மங்கத் தொடங்கும் வெப்பத்துக்கு ஒரு படி கீழே நில்லுங்கள். பளிச்சென்று இருப்பதையே தேடிப் போகாதீர்கள்.

சுற்றைக் குறை, நீட்டும் நேரத்தைக் கூட்டு என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு ஹோமியோலாக்கில் பாதி நீண்டு நின்றுவிட்ட இழை அடுத்த சுற்றில் இன்னொரு ஹோமியோலாக்கில் போய் ஒட்டி மீதியை அங்கே முடிக்கும். முன்பாதி சி, பின்பாதி இ. அப்படி ஒரு ஜீன் எந்தச் செடியிலும் கிடையாது, ஆனால் சீக்வென்ஸ் பண்ணினால் சுத்தமான ஒற்றை வரிசையாக வரும். 35 சுற்று, 15 விநாடி நீட்டல் என்று ஓட்டினால் இந்தக் கலவைகள் பெருகும். கடைசிச் சுற்றுகளில் ப்ரைமர் தீர்ந்துபோய் இரண்டு பிரதியின் இழைகள் ஒன்றோடொன்று ஜோடி சேர்வதும் உண்டு. அதை ஈ.கோலைக்குள் விட்டால் அது தன் இஷ்டத்துக்குச் சரிசெய்து ஒட்டுத்துணி மாதிரி ஒன்றைக் கொடுக்கும். கடைசிப் பொருளைப் பத்து மடங்கு நீர்த்து, புது ப்ரைமர் போட்டு 3 சுற்று மட்டும் ஓட்டினால் இது குறையும்.

ஹேர்பின், டைமர் சோதனையை ஒட்டும் பகுதிக்கு மட்டும் செய்து விட்டுவிடக் கூடாது. இதற்கு வாலும் சேர வேண்டும். இந்த மாதிரி ரெஸ்ட்ரிக்‌ஷன் சைட்டை எந்த இழையில் படித்தாலும் ஒன்று என்பதால் ப்ரைமர் தன் இன்னொரு பிரதியோடு ஒட்டத்தான் செய்யும். ஆறு பேஸ் சைட் ஒன்று நடுவில் ஒட்டுவதால் பெரிய கேடில்லை. பாதுகாப்பு பேஸ்களைத் தோன்றியபடி ஜியும் சியுமாகப் போட்டு அந்த ஒட்டலை நீட்டிவிடுவதுதான் தப்பு. ஏற்காட்டுப் பாதையில் வண்டி திணறுவது போல, ப்ரைமருக்குள் கொண்டை ஊசி வளைவு விழுந்தால் பாலிமரேஸும் திணறும். குறிப்பாக வளைவில் 3 பிரைம் முனை சிக்கிக்கொண்டால்.

எல்லாவற்றுக்கும் முன்னால், குற்றம் ப்ரைமர்மேல்தானா என்று பாருங்கள். காப்பி இலையில் பாலிஃபீனால் அதிகம். சிடிஏபியோடு பிவிபியும் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலும் சேர்க்காமல் எடுத்த டிஎன்ஏ பழுப்பாக வரும், பிசிஆரை முடக்கும். டெம்ப்ளேட்டைப் பத்து மடங்கு நீர்த்ததும் பேண்ட் வந்தால் ப்ரைமர் நிரபராதி. ஆர்என்ஏ வேண்டுமென்றால் இளம் இலையைப் பறித்த இடத்திலேயே நிலைப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடுங்கள். மலைமேல் குளுகுளுவென்று இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினால் சேலத்து வெயிலில் ஆர்என்ஏ மிஞ்சாது. சிலிகா ஜெல்லில் உலர்த்துவது டிஎன்ஏவுக்கு மட்டும்தான் சரி.

லைகேஷனுக்கு முன் செய்யக்கூடிய மலிவான சோதனை, பிசிஆர் பொருளைச் சுத்தம் செய்து அப்படியே சாங்கர் சீக்வென்சிங்குக்கு அனுப்புவது. அங்கங்கே தனித்தனியாக இரட்டைச் சிகரம் தெரிந்தால் இரண்டு பிரதி கலந்திருக்கிறது. ஓர் இடம் வரை சுத்தமாக வந்து அதற்குப் பிறகு முழுக்க இரட்டையாக ஓடினால் அங்கே ஒன்றில் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறது. ஒரு ரீடில் 700 முதல் 900 பேஸ்தான் தேறும், தொடக்கத்தில் 30, 40 பேஸ் படிக்க வராது. 1155க்கு இரண்டு முனையிலிருந்தும் படித்தே ஆக வேண்டும்.

காலனி (ஒரே பாக்டீரியாவிலிருந்து வளர்ந்த கூட்டம்) எத்தனை எடுப்பது? மூன்று என்பது பழக்கம். இரண்டு பிரதி சரிபாதியாகக் கலந்திருந்தால் மூன்று காலனியும் ஒரே பிரதியாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு. எட்டு எடுத்தால் 128ல் ஒன்று. ஆனால் கலவை 9க்கு 1 என்றால் எட்டு காலனியிலும் சின்னவன் அகப்படாமல் போக 43 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மேலே சொன்ன நேரடி ரீடில் சிகரங்களின் உயரத்தைப் பார்த்தால் கலவை விகிதம் தோராயமாகத் தெரிந்துவிடும். எத்தனை காலனி என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

காலனி பிசிஆருக்கு ஜீன் ப்ரைமர் இரண்டையும் போடாதீர்கள். லைகேஷனில் மிஞ்சிய இன்செர்ட் தட்டின்மேலேயே கிடக்கும்; எல்லாக் காலனியும் பாசிட்டிவ் காட்டும். ஒன்று வெக்டர் ப்ரைமர், ஒன்று ஜீன் ப்ரைமர். அந்த ஜோடியை வெக்டர் வரிசையோடும் ஈ.கோலை கே-12 ஜீனோமோடும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், 4.6 மில்லியன் பேஸ்தான், ஒரு நிமிட வேலை. சீக்வென்சிங் ப்ரைமரும் வெக்டரில் ஒரே இடத்தில்தான் உட்கார வேண்டும். பிஇடி-டூயட் மாதிரி இரண்டு டி7 புரமோட்டர் உள்ள வெக்டரில் டி7 ப்ரைமர் போட்டால் குரோமட்டோகிராம் குப்பையாக வரும். பழி இன்செர்ட்மேல் விழும்.

கிளிசரால் ஸ்டாக் டியூபில் ஜீன் பெயரை அவசரப்பட்டு எழுதாதீர்கள். ரகம், மர எண், காலனி எண் மட்டும் எழுதி மைனஸ் 80ல் வையுங்கள். இரண்டு முனை ரீடும் வந்து, அலைன்மென்டில் சியா, இயா, இரண்டும் ஒட்டியதா என்று தெரிந்த பிறகு பெயர் வைத்துக்கொள்ளலாம்.